பெயர் சொல்லக் கூடாத பெரியவர்

பழனிசாமிக்குப் பாம்பென்றால் பயமில்லை. இருட்டென்றாலும் பயமில்லை. மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, சிந்தின கரியை மண்வெட்டியால் வாரிப் போடுகிற கான்ட்ராக்ட் ஆளுக்கு அதெல்லாம் பார்த்தால் பிழைப்பு ஓடாது. அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது சோறு இறங்கவில்லை. காரணம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்.

மகள் தமிழ்மொழி டவுன்ஷிப்புக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே வகுப்புக்கு ஒரு நாடு என்று கொடுத்து, அந்த நாட்டு மனுசர், பேச்சு, சாப்பாடு, காட்டு மிருகம் எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்று ஏற்பாடு. இவள் வகுப்புக்கு மலேசியா வந்தது. "எங்கப்பா அங்கதான் மிஸ் வேலை செஞ்சாரு" என்று எழுந்து சொன்னவள், அதோடு வாயை மூடியிருக்கலாம். "புலிய வெரட்டியிருக்காரு மிஸ்" என்றும் சொல்லிவிட்டாள். காயத்ரி டீச்சர் அன்றைக்கே போன் போட்டு, வந்து பேச வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

பழனிசாமி மலேசியாவில் இருந்தது நிஜம். கம்மாபுரம் பக்கம் இருந்த நிலம் மைன்ஸுக்குப் போனபின், பகாங்கில் பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் குலை அறுக்கப் போனான். இருந்த வருசம் பூராவும் பிள்ளை முகத்தைப் போட்டோவில்தான் பார்த்தான். திரும்பி வந்தபோது அவள் இவனிடம் வரவே மாட்டேன் என்றாள். அவளை மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்ட அவன் கட்டின கதைதான், புலியை விரட்டினேன் என்பது. அவள் வளர வளர அந்தப் புலியும் வளர்ந்துவிட்டது.

"பொய்யின்னு தெரிஞ்சா பொண்ணு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றான் பெண்டாட்டி விருத்தாம்பாளிடம்.

"கடல் தாண்டிப் போய்ட்டு வந்த ஆம்பள, பொடிசுங்களுக்குப் பயந்துகினு வூட்ல பூந்துகினு கீறீங்களே. புலி கேட்டா சிரிக்கும்."

"நீ வேற ஏன்டி அதும் பேரைச் சொல்ற?"

பேச வேண்டிய அன்றைக்குக் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். வகுப்புச் சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படம். மலேசியக் கொடி, இருவாச்சிப் பறவை, உராங் ஊத்தான், முள்ளுமுள்ளாக டுரியான் பழம். நடுவில் பெரிய புலி. அதன் எதிரே கழியோடு மீசை வைத்த ஒரு ஆள். மீசை இவனுடையதேதான்.

"சார், பேசுங்க" என்றார் டீச்சர்.

வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. முன் பெஞ்சில் தமிழ்மொழி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது சைரன் ஊதியது.

நின்ற பெல்ட்டை மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் மைன்ஸில் சைரன் கொடுப்பார்கள். கேட்ட நொடியில் கையில் இருப்பதைப் போட்டுவிட வேண்டும். பக்கத்து ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். அவன் செட்டில் அப்படித்தான் வழக்கம். யோசித்து நின்றால் கை போய்விடும். பழனிசாமி யோசிக்கவில்லை. ஓரத்தில் இருந்த பிள்ளையை ஒரே இழுப்பாக இழுத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, "வெளிய வா! பெல்ட்ட வுட்டு வெளிய வா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. ரெண்டு மூணு பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டன. தமிழ்மொழி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துவிட்டாள்.

"அங்கிள், கைய விடுங்க" என்றாள் அவன் பிடியில் இருந்த சண்முகப்பிரியா. "அது பீரியட் பெல்லு. எங்க ஸ்கூல்ல அப்படித்தான் ஊதும்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, "எங்கப்பாவும் பெல்ட்டுலதான் அங்கிள். வீட்ல குக்கர் விசில் அடிச்சா தட்டப் போட்டுட்டு செவுத்துல ஒட்டிக்குவாரு" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. அது இவனைக் குத்துகிற சிரிப்பாக இல்லை. பழனிசாமிக்கு மூச்சு திரும்பியது.

"புலிய எப்படி அங்கிள் வெரட்டுனீங்க?" என்று பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது.

தமிழ்மொழி தலையைத் தூக்கினாள்.

"அந்த ஊர்ல காட்டுக்குள்ள போறவங்க அதும் பேரைச் சொல்ல மாட்டாங்க" என்று ஆரம்பித்தான். "பாக் பெலாங்னுவாங்க. கோடு போட்ட பெரியவருன்னு வெச்சிக்கோங்க. பேரைச் சொன்னா கூப்ட்டாங்கன்னு வந்துடுமாம். நொழையறப்பவே, 'தாத்தா, பாட்டி, பேரன் இப்படிக்கா போறேன், வழி வுடுங்க'ன்னு காட்டுகிட்ட கேட்டுகினுதான் போவாங்க."

பின் பெஞ்சுப் பிள்ளைகள் எக்கிப் பார்த்தன.

"காலையில பனி. அருவா கட்டுன நீட்டுக் கழிய தோள்ல வெச்சிகினு போறேன். காக்கா குருவி சத்தம் கூட இல்ல. ரெண்டு வரிசை தள்ளி நிக்குது." நாலு விரலையும் மடக்கி, கட்டைவிரலால் கதவுப் பக்கம் காட்டினான். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"அப்புறம்?"

"கழி இருக்குது, கை வரல. கத்தலாம்னா காத்துதான் வருது. இப்ப உங்க முன்னாடி நின்னேன் பாரு, அதே மாதிரி. அது என்னப் பார்த்துச்சி. எச்சி முழுங்கக்கூட பயம். பார்த்துகினே இருந்துட்டு அதுவா திரும்பிப் போய்டுச்சி. நான் வெரட்டலம்மா." அதை மட்டும் முன் பெஞ்சைப் பார்த்துச் சொன்னான். "அன்னிக்குப் பூரா காய்ச்சல்."

"ஏன் அங்கிள் கட்டைவிரல்ல காட்டுனீங்க?" என்றாள் சண்முகப்பிரியா.

"அங்க ஆள்காட்டி விரல நீட்டுனா மரியாதை இல்லன்னுவாங்க. மனுசனக் காட்டுனாலும் இப்படித்தான்."

உடனே வகுப்பு முழுக்க விரல் மடங்கியது. கடைக்கு மலாயில் கெடாய், கப்பலுக்குக் கப்பால் என்று சொன்னபோது, "நம்ம வார்த்தையா?" என்று கத்தினார்கள். கிளம்பும்போது அவன் கற்றுக்கொடுத்தபடியே நன்றிக்கு "தெரிமா காசி" என்று கோரஸாகச் சொன்னார்கள். தமிழ்மொழி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். பழனிசாமி பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான். அது நழுவி மண்ணில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது பக்கத்து வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து நின்றாள்.

"உங்க கிளாசுக்குப் புலிய வெரட்டுனவரு வந்தாராமே. யாருடி அது?"

தமிழ்மொழி நாலு விரலை மடக்கினாள். கட்டைவிரலை அப்பா பக்கம் காட்டினாள்.

"அதோ, எங்கப்பா. வெரட்டலடி, வெரட்டறது என்ன பெருசு. ஓடாம நின்னாரு."

கால் வராமல்தான் நின்றேன் என்று அவன் திருத்தப் போகவில்லை. சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினான்.