பன்னிரண்டு கட்டில்களுக்குப் பொறுப்பானேன்

நர்ஸ் வேலையில் ஊசி போடக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும். இன்னொருவர் ஊசி போடும்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து வருடம் ஆனது.

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே முதியவர்களுக்கென்று பன்னிரண்டு கட்டில்களோடு ஒரு வார்டு திறந்தார்கள். அதற்கு முன்பு வயதானவர்கள் பொது வார்டின் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். இளவயது நோயாளிகள் கூட்டமாக வந்துவிட்டால் இவர்களைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். புது வார்டுக்கு என்னைப் பொறுப்பு நர்ஸாகப் போட்டார்கள், ஒரு நிபந்தனையோடு. ஆறு மாதம் பார்ப்பார்கள். சரியாக நடக்காவிட்டால் வார்டை மூடிவிடுவார்கள். பன்னிரண்டு பேரும் மறுபடி தாழ்வாரத்துக்குப் போக வேண்டியதுதான்.

என்னைப் பழக்குவதற்குச் சேலத்திலிருந்து சுசீலா சிஸ்டர் வியாழக்கிழமைதோறும் பஸ்ஸில் வருவார். நர்சுகளுக்குப் பாடம் நடத்தியவர். என்னைவிட நான்கு வயது இளையவர். அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். உங்களுக்கும் எங்கேயாவது இப்படி ஒரு பொறுப்பு நாற்காலி கிடைத்திருந்தால், மேலே படியுங்கள். ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் சுறுசுறுப்பு

முதல் நாள் காலை ஏழு மணிக்குள் ஐந்து பேருக்கு உடம்பு துடைத்தேன். எட்டு மணிக்குள் பன்னிரண்டு படுக்கைக்கும் விரிப்பு மாற்றினேன். மருந்து கொடுத்ததும் நான், கஞ்சி ஊட்டியதும் நான், தரையில் சிந்திய கஞ்சியைத் துடைத்ததும் நான். பொறுப்பு என்றால் எல்லாவற்றையும் நானே செய்வது என்று நினைத்திருந்தேன்.

வார்டில் எனக்குக் கீழே இரண்டு பேர். ஒருவர் விஜயா, படித்து முடித்து இரண்டு வருடம் ஆன நர்ஸ். இன்னொருவர் ஆயா பழனியம்மாள். இரண்டு பேரும் ஜன்னல் ஓரமாக நின்று, நான் ஓடுகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் நான் வியர்த்துக்கொட்டி உட்கார்ந்தபோது பழனியம்மாள் அருகில் வந்து மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"ஏனுங்க சிஸ்டரு, நாளைக்கு நாங்களும் வாரோணுமுங்களா, இல்ல நீங்களே பாத்துக்குவீங்களா?"

உரல் உத்தரவு

எங்கள் வார்டில் பாதிக்கு மேல் பெண்கள். ஏழு பேரிடம் வெற்றிலை இடிக்கும் சின்ன இரும்பு உரல் இருந்தது. பல் போன பிறகு வெற்றிலையை இடித்துத்தானே போட முடியும்? விடியும் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள், டொக் டொக்கென்று. விரிப்பெல்லாம் சிவப்புக் கறை. நான் ஒரு உத்தரவு போட்டேன்: வார்டில் இனி உரல் கூடாது. ஏழு உரலையும் வாங்கி, ஒரே தொட்டியில் போட்டு, கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, அலமாரியில் பூட்டினேன்.

மறுநாள் ஏழு தட்டும் அப்படியே திரும்பி வந்தன. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். இரண்டு வாய்க்கு மேல் யாரும் சாப்பிடவில்லை. டாக்டர் வயிற்றுக் கோளாறோ என்று சந்தேகப்பட்டு எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். வியாழக்கிழமை சுசீலா சிஸ்டர் வந்தார். சாப்பிடாத தட்டுகளைப் பார்த்தார். "இந்த உத்தரவு போடறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டீங்க?" என்றார். நான் யாரையும் கேட்கவில்லை.

சரி, இப்போதாவது கேட்போம் என்று பரமத்தி வேலூர் நல்லம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவர் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு; மற்ற ஆறு பேரும் அவர் சொன்னால் கேட்பார்கள். "ஏனுங்க சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்றேன். நல்லம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சோறு தின்னா வெத்தலை போடோணும். வெத்தலை போட வழியில்லீன்னா, சோறு எதுக்குங்க சாமி?"

யாருடைய உரல்?

உரலைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. அலமாரியைத் திறந்த பிறகுதான் என் தவறின் முழு அளவும் தெரிந்தது. ஏழும் ஒன்றாகக் கழுவியவை. ஏழும் பார்க்க ஒன்றுபோல இருந்தன. அடுத்தவர் வாய்க்குப் போகிற வெற்றிலையை இடித்த உரலை யார் தொடுவார்கள்? நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சுசீலா சிஸ்டர் என்னைப் பார்க்காமல் விஜயாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "நீ சொல்லு, என்ன பண்ணலாம்?" என்று நான் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

விஜயா ஏழையும் மேசைமேல் வரிசையாக வைத்து, பாட்டிமார்களை ஒவ்வொருவராக அழைத்து வந்தாள். அவர்கள் கண்ணால் பார்க்கவே இல்லை. உலக்கையை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, ஓசையைக் காதில் வாங்கினார்கள். கால் மணி நேரத்தில் ஏழும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தன. விடிந்து விளக்கு அணைத்த பிறகுதான் இடிப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். கடைசியாகத் தன் உரலை வாங்கிய ராசிபுரத்து முத்தாயி அம்மாள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்தார்.

"உரலு என்னுதுதானுங்க. ஆனா ஒரு மாசத்துக்கு வெத்தலை ஆசுபத்திரி வாசந்தான் அடிக்கும்!"

நான்கு மணிக் கரண்ட்

எருமப்பட்டியிலிருந்து சென்னியப்பக் கவுண்டர் என்று ஒருவர் வந்திருந்தார். எண்பதை ஒட்டிய வயது. நினைவு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். தினமும் விடிகாலை நான்கு மணிக்குக் கட்டிலைவிட்டு இறங்குவார், விழுவார். இரண்டாவது தடவை நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. இன்னொரு தடவை விழுந்து இடுப்பு உடைந்தால், வார்டை மூட அதுவே காரணமாகிவிடும். கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டிவிடலாம் என்று நான் சொன்னேன்.

"ஒரு நாள் பொறுங்க சிஸ்டர்" என்றாள் விஜயா. பார்க்க வந்த மருமகளிடம் போய் விசாரித்தாள். அவர்கள் தோட்டத்தில் மோட்டாருக்குக் கரண்ட் வருவது விடிகாலை நான்கு மணிக்கு. இருபது வருடமாக எழுந்து போய் சுவிட்சைப் போட்டுத் தண்ணீர் கட்டியவர் இவர்தான். விஜயா ஒரு யோசனை சொன்னாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன். உரல் கொடுத்த பாடம்!

அடுத்த நாள் நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே விஜயா அவரை மெல்ல எழுப்பினாள். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், வார்டு விளக்கு சுவிட்சுக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் எக்கி சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் வந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் விழவில்லை.

"கரண்டு வந்துருச்சு. நீ போய்ப் படு அம்மிணி, தண்ணிய நான் பாத்துக்கறேன்."

கை அரிப்பு

பக்கவாதம் வந்தவரைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கு ஒரு முறை உண்டு. விரிப்பை இழுத்துப் பிடித்து, ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். ஆயாவுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது விஜயாவின் வேலை என்று சுசீலா சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விஜயா முதலில் தப்பாகப் பிடித்தாள், பிறகு விட்டாள், மறுபடி பிடித்தாள். என் கை இரண்டும் அரித்தன. அங்கே நின்றால் பிடுங்கிச் செய்துவிடுவேன் என்று வாசலுக்குப் போய் நின்றேன். தொட்டியில் இருந்த குரோட்டன்ஸ் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தேனாம். அது எனக்கே தெரியாது, பக்கத்து பெஞ்சில் வெயில் காய்ந்த பெரியவர் சொல்லும் வரை.

"அந்தச் செடி உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

ஆயாவின் சார்ட்

பெரிய டாக்டர் வாரம் ஒரு முறை வார்டைச் சுற்றி வருவார். பொறுப்பு நர்ஸ் மட்டுமே பேசுவது வழக்கம். ஆயா துடைப்பத்தோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள். ஐந்தாவது மாதத்தில் நான் ஆயாவையும் கூடவே நடக்கச் சொன்னேன். டாக்டர் புருவத்தை உயர்த்திவிட்டு முதல் கட்டிலுக்கு நடந்தார்.

முத்தாயி அம்மாளுக்கு அன்று தலைசுற்றல். நாக்கு வறண்டிருந்தது. சார்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் கொடுத்ததாகவும் எழுதியிருந்தது. டாக்டர் புது மருந்து ஒன்று எழுதப் பேனாவை எடுத்தார். பழனியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "மருந்து வேண்டாமுங்க. அவங்க தண்ணியே குடிக்கறதில்லீங்க. குடிச்சா சின்ன வயசுப் புள்ளைங்ககிட்ட பெட்பேன் கேக்கோணுமேன்னு கூச்சம். டம்ளரை ஜன்னல்ல ஊத்திடறாங்க" என்றாள். "இது சார்ட்டில் இல்லையே?" என்றார் டாக்டர். பேனா மூடியைத் திருப்பி மாட்டிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க டாக்டரு. ஆனா நான் கழுவற பாத்திரம் ரெண்டு நாளாக் காஞ்சு கெடக்குதுங்க."

தீர்ப்பு நாள்

ஆறு மாதம் முடிந்தது. பெரிய டாக்டரும் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒருவரும் பார்வையிட வரும் நாளை அறிவித்தார்கள். சுசீலா சிஸ்டர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அந்த நாளுக்கான என் லீவு விண்ணப்பம்! கையெழுத்து மட்டும் பாக்கி. "வார்டையே மூடிடுவாங்க சிஸ்டர்" என்று கெஞ்சினேன். "நீங்க இருந்தா அவங்க உங்களைப் பார்ப்பாங்க. நீங்க இல்லைன்னா வார்டைப் பார்ப்பாங்க" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பில்லாமல் ரசம் வைத்தேன். நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். சாதாரணச் சேலையோடு போய் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பார்வையிட வந்தவர்கள் சுசீலா சிஸ்டரோடு இன்னும் உள்ளேதான் இருந்தார்கள். விஜயா ஒவ்வொரு கட்டிலாக விளக்கிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அவள் விட்டதைப் பழனியம்மாள் எடுத்துக் கொடுத்தாள். எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களையும் அவர்கள் சொன்னார்கள்.

குழுவில் வந்தவர் பத்து லாரி வைத்து ஓட்டுபவர். வெளியே வந்து, நின்று, யோசித்தார். என்னை யாரோ நோயாளியின் உறவு என்று நினைத்து ஒரு கும்பிடும் போட்டார். "வார்டு இருக்கட்டுமுங்க டாக்டர், நல்லாத்தான் நடக்குது" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அவர் சுசீலா சிஸ்டர் பக்கம் திரும்பினார். "ஒண்ணுதானுங்க புரியல. அந்தப் பொறுப்பு சிஸ்டர் இல்லாமயே வண்டி ஓடுதே, அப்புறம் அந்தம்மா எதுக்குங்க?" சுசீலா சிஸ்டர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இப்படி ஓடறதுக்குத்தானுங்க."

பதினைந்து வருடம் ஓடி ஓடி உழைத்தபோது கிடைக்காத பாராட்டு, லீவு போட்டுவிட்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கிடைத்ததால், எந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை ரிட்டையர் ஆகும் வரை நான் யாரிடமும் கேட்கவில்லை.