கூடத்துச் சுவரில் ஒற்றை மயில்

எழுபதுகளில் ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் வரைந்தவர் அவர். காதிடுக்கில் பென்சில் இருக்கும். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா என் புது வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தார். கூடத்துச் சுவரை அலங்கரிக்க ஜோடி மயில் வரைந்து தரும்படி இவரிடம் போய்க் கேட்டேன். என் மூளை அவ்வளவுதான்.

அவர் வரைந்து தந்த தாளில் இருந்தபடியே கொத்தனார் சிமெண்டில் செய்து முடித்தார்: ஒரு மயில், அரைத் தாமரை. மறுபக்கம் வெறும் சுவர். டிசைன்காரரை இழுத்து வந்தேன்.

"நாங்க பாதிதாங்க வரைவோம். மீதிய தறியே திருப்பிப் போட்டுக்கும்."

"சுவத்துல ஏதுங்க தறி?"

ஒரு கண்ணை மூடி யோசித்தார். "அட, ஆமால்ல!"

அதற்குள் பெண்ணின் அப்பா சேவூரிலிருந்து வந்துவிட்டார். "இன்னாங்க, மயிலு ஒண்டியா நின்னுகினு கீது?"

டிசைன்காரர் அசரவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே ஜோடி சேர்த்தா நல்லாவாங்க இருக்கும்?"

"இன்னா மரியாதையான குடும்பம்!" என்று பெண்ணின் அப்பா அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, அதுவும் நல்லதுதான்.

என்னைக் காப்பாற்றத்தான் டிசைன்காரர் அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். ஆனால் தாலி கட்டிய மறுநாள் காலையிலேயே, இன்னொரு மயிலை வரைந்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார் அந்த மனிதர்.