புலிக்குச் சிக்கெடுத்தவள்

பேத்துப்பாறைக்காரர்களுக்குப் பூண்டு தெரியும், உருளைக்கிழங்கு தெரியும். பூனை தெரியாது. நானும் அந்த ஊர்தான், அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

ஞானம்மா 1973-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊரில் அவளுக்குப் பெயர் 'சிலோன்காரி'. பக்கத்தில் கொடைக்கானலில் ஓர் அமெரிக்க டீச்சரம்மா வீட்டில் வேலை பார்த்தாள். அந்த அம்மாள் 82-இல் நாடு திரும்பியபோது அங்கிருந்து கொண்டுவந்திருந்த தன் பூனையை இவளிடம் விட்டுப்போனார். மெய்ன் கூன் என்று அமெரிக்கக் குளிர்ப் பிரதேசத்துச் சாதி. எட்டுக் கிலோ இருக்கும். கழுத்தைச் சுற்றிப் பிடரி, காது நுனியில் குஞ்சம், விளக்குமாறு மாதிரி வால். குரல் மட்டும் குருவிக்குரல். ஞானம்மா அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்து, தன் சோற்றில் பாதியைப் போட்டு வளர்த்தாள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

சிலோன்காரி புலிக்குட்டி வளர்க்கிறாள் என்று முதலில் கிளப்பிவிட்டவர் மாயாண்டி. ஆயுளில் புலியின் வாலைக்கூடப் பார்க்காத மனுஷன். அவர் வீட்டுக் கோழி காணாமல் போனதற்கும் தொரைதான் காரணம் என்றார். அந்தக் கோழியை அவர் மாப்பிள்ளை குழம்பு வைத்துத் தின்றது ஊருக்கே தெரியும்.

அதே வருஷம் ஒருநாள் வெள்ளனே, காட்டிலாகா வாட்சர் சேனாதிபதி சாக்குப்பையோடு வந்து நின்றார். பின்னால் பாதி ஊர். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

"ஏம்மா, காட்டு மிருகத்த வீட்டுல வச்சிருக்கியாம்ல? பிடிச்சிட்டுப் போயி காட்டுல விடணும், வெரசா கொண்டா."

"வீட்டுப் பூனைங்க ஐயா."

"அதுக்குப் பேப்பர் இருக்கா?"

பேப்பர் என்றதும் அவள் முகம் சுண்டிப்போனது. அதைக் கேட்டுக் கேட்டுத்தானே இலங்கையில் வரிசை வரிசையாக நிற்க வைத்து, கடைசியில் கப்பலேற்றி விட்டார்கள். உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்தாள். தொரையை மடியில் மல்லாத்திப் போட்டு, வயிற்று ரோமத்தில் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். ஊரையே மிரட்டிய புலி நாலு காலையும் விரித்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"ரெண்டு நாள் வாராட்டி முடி கட்டிப்போயி தோலு புண்ணாயிரும். காட்டுல இதுக்கு யாருங்க ஐயா சீப்பு வச்சிருக்கா?"

கூட்டம் சிரித்தது. சேனாதிபதிக்கு வெறுங்கையோடு திரும்ப வெட்கம். நோட்டை எடுத்தார், எழுதினார், பெரிய தீர்ப்பு போல உரக்கப் படித்தார்:

"சிலோன்காரி ஞானம்மா வீட்டில் இருப்பது பேத்துப்பாறை நாட்டுப் பூனை."

சீப்பு நின்றது.

"ஐயா, அது அமெரிக்காவுல இருந்து வந்து அஞ்சு வருஷம்தான் ஆவுது. நான் வந்து ஒம்பது வருஷங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சேனாதிபதி எழுதியதை அடிக்கவும் இல்லை, சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார்.

நான் என்ன யோக்கியமா? வீட்டுக்கு வந்ததும் என்ன ஆச்சு என்று என் பொண்டாட்டி கேட்டாள்.

"சிலோன்காரி பூனை தப்பிச்சிருச்சு" என்றேன்.