பாய்லர் ஏட்டில் ஒரு பெரிய வார்த்தை

அந்தச் சாயப் பட்டறையில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். பாய்லர் ஓட்டுபவர், நாற்பத்தாறு வயது. எப்படியாவது ஷிப்ட் இன்சார்ஜ் ஆகிவிட வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கான நேர்காணல் முழுக்க இங்கிலீஷில். போன வருடம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்விக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். அந்த அவமானம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தே கிடந்தது.

அன்றிலிருந்து தினம் ஐந்து வார்த்தை. எல்லாம் படித்தவர்களே தடுமாறும் வார்த்தைகள். சீட்டில் எழுதிச் சமையலறை டப்பாக்களில் ஒட்டுவார்.

"உப்பு எது, சர்க்கரை எதுன்னே தெரியல. நேத்து டீயில உப்பைப் போட்டுட்டேன். நீங்களும் முணுமுணுத்துக்கிட்டே குடிச்சிட்டுப் போயிட்டீங்க!" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

படித்த வார்த்தையை அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். ஆனால் அவர் இங்கிலீஷ் எழுதும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: பாய்லர் அறையின் ஷிப்ட் ஏடு.

மதிய ஷிப்டுக்கு வருபவன் மனைவியின் தம்பி. பத்து நாளாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர்கள் நடுவில், "நம்ம மாப்ளைக்கு ஏபிசிடியே பாதி வழியில நின்னுடும்" என்று இவர் சிரித்தார். தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அதன்பின் ஷிப்ட் மாறும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சொல்ல வேண்டியதை ஏடு சொல்லிக்கொள்ளட்டும் என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

அன்று மதியம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்தபோது மனைவி விளையாட்டாகக் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன வார்த்தை, வாத்தியாரே?"

"ரெகால்சிட்ரன்ட். சொன்ன பேச்சு கேக்காம முரண்டு பிடிக்கிறது."

"என் தம்பியைத்தானே சொல்றீங்க?"

"சேச்சே. சேஃப்டி வால்வைச் சொன்னேன். காலைல ரெண்டு தடவை இழுத்தும் திறக்கல. ஃபிட்டர் வர்ற வரைக்கும் பிரஷரை ஏத்தாம ஜாக்கிரதையா இருக்கணும்னு அதுக்கும் ஒரு நல்ல வார்த்தை போட்டு எழுதி..."

அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியேற்ற வேண்டியது அந்த வால்வு. அது திறக்காவிட்டால் பாய்லர் ஒரு வெடிகுண்டு.

"அது அவனுக்குப் புரிஞ்சிருக்குமாங்க?" என்றாள் மனைவி, மிக மெதுவாக.

தம்பியின் போன் லாக்கரில் இருக்கும். பாய்லர் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆபீஸுக்குப் போன் போட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்கவில்லை. எச்சில் கையோடு தெருவில் ஓடினார். திருப்பம் வரும்போதெல்லாம் வானத்தைப் பார்த்தார், புகை தெரிகிறதா என்று. எங்கோ ஒரு லாரி டயர் வெடித்த சத்தத்தில் சுவரைப் பிடித்து நின்று, மறுபடி ஓடினார்.

பாய்லர் அறையில் தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். சாயப் பிரிவு ஆவி அதிகம் கேட்டிருந்தது. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. வால்வு வாயைத் திறக்கவில்லை.

"மாப்ளே! நிறுத்து! வெளிய ஓடு!"

அவன் ஓடவில்லை. அவர் நெருப்புக்குக் காற்றூட்டும் ஊதுவிசிறியை நிறுத்த, அவன் தானாகவே ஆவிக் குழாயைத் திறந்துவிட்டான். காதைக் கிழிக்கும் சீறலில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். முள் இறங்க எடுத்த அந்தச் சில நிமிஷங்களில் அவர் மனைவியின் தாலியையும் அவள் தம்பியின் உயிரையும் சேர்த்தே எண்ணிக்கொண்டார்.

"எழுதியிருந்தேனேடா!"

"படிச்சேன் மாமா. புரியல."

"யாரையாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உங்க காதுக்கு வரும். மறுபடி எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சிரிப்பீங்க."

அவர் ஏட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய பெரிய வார்த்தைகள். ஒவ்வொன்றின் கீழும், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்த கட்டத்தில் தம்பியின் கையெழுத்து. எத்தனை நாள் அவனைக் கண்ணைக் கட்டி நெருப்பின் முன்னால் உட்கார வைத்திருக்கிறோம்?

இன்ஜினியர் ஓடிவந்து, யார் தப்பு என்று கேட்டார். தம்பி வாயைத் திறப்பதற்குள், "என் தப்பு சார்" என்றார் அவர். நேர்காணல் பட்டியலிலிருந்து அவர் பெயர் அன்றே அடிக்கப்பட்டது.

மறுநாள் வால்வை மாற்றினார்கள். மதியம் தம்பி வந்ததும் வழியை மறித்து நின்று, தண்ணீர், தீ, அழுத்தம் என்று ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னார்.

"இப்ப நீ திருப்பிச் சொல்லு."

"எல்லாம் புரிஞ்சுது மாமா."

"சொல்லுடா. கேட்டாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."