பெயர்ப்பலகையில் நண்டும் நானும்

குருக்கள்மடத்தில் சாப்பாட்டுக்கடை திறக்கவிருந்த மலர் அக்கா, பெயர்ப்பலகைக்காக வாவி நண்டுக் கறியைப் படமெடுக்க என்னை அழைத்திருந்தார். ஆட்களை உள்ளே இழுக்கும் படம் வேண்டுமாம். கறி மினுங்கட்டுமென்று தூரிகையால் எண்ணெய் தடவினேன்.

“என்ட கறிக்கு மேக்கப்பா தம்பி? முதல்ல தின்னுங்க!”

கமராவைப் பறித்துக்கொண்டு, சுடுசோற்றில் புதுக் கறியை ஊற்றினார். நண்டுக்காலைக் கடித்தேன், வந்த வேலை மறந்துபோயிற்று. முழங்கைவரை குழம்பு வழிய, கண்ணை மூடிச் சிரித்தேன். ‘கிளிக்’ என்றது கமரா.

“பலகைக்கு இது போதும்!”

இப்போது கல்முனை வீதியில் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் என்னைத்தான் பார்க்கிறார்கள். கடையில் உட்கார இடமில்லை. இத்தனை காலமும் ஊரையே சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தவன், என் சிரிப்பை அந்தப் பலகையில்தான் முதன்முதலாகக் கண்டேன்.