வற்றல் கடைகளின் சொட்டு மருந்து

என் வீட்டுக்காரருக்கு என் சமையல் சலித்துப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தட்டின் இடது ஓரத்தில் வைத்த அவியல் வைத்தபடியே இருக்கும். வலது ஓரத்துத் துவரன் பொரியலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "வேற ஒண்ணும் வைக்கலியா?" என்று கேட்பார். கண் முன்னால் இருக்கிற பண்டத்தை இல்லையென்று சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது? நான் திருநெல்வேலிக்காரி, கோபத்தை மூடிவைத்துப் பழக்கமில்லை. அவியலை அவருடைய மூக்குக்கு நேராக நகர்த்தி வைப்பேன். "இருக்கே!" என்று அசடு வழிவார். எனக்கு எரிச்சல் இன்னும் கூடும். திருவனந்தபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் தேங்காய் அரைத்து அரைத்து அம்மியைவிட நான்தான் அதிகம் தேய்ந்திருக்கிறேன். இவருக்கு அவியல் கண்ணில் படவில்லையாம்.

அவருடைய அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து போட்ட கடை எங்களுடையது. பழவங்காடிப் பிள்ளையாரைத் தாண்டிச் சாலைக் கம்போளம் என்கிற சந்தைக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டாம், வருகிற தும்மலே வழிகாட்டிவிடும். அந்த வரிசை முழுக்க மிளகாய் வற்றல் கடைகள். லாரியில் லோடு வந்து சாக்கைப் பிரித்துக் கொட்டுகிற அன்று வற்றல் தூசி தெருவையே மூடிவிடும். புதிதாக வருகிறவர்கள் அழுதுகொண்டே ஓடுவார்கள். அங்கேயே கிடக்கிறவர்களுக்குக் கண் எப்போதும் செம்பருத்திப் பூவாகத்தான் இருக்கும்.

அதற்கு அந்த வரிசை ஒரு வைத்தியம் வைத்திருந்தது. எந்தக் காலத்திலோ ஊரெல்லாம் செங்கண் நோய் பரவியபோது, கடைக்காரர் ஒருவருக்கு ஒரு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். சில நாள் மட்டும் விட்டு நிறுத்தச் சொன்ன மருந்து. நோய் போய்விட்டது, மருந்து போகவில்லை. விட்ட சிறிது நேரத்தில் சிவப்பு வெளுத்துக் கண் குளிர்ந்துவிடுகிறதே, எப்படிப் போகும்? எதிர்த்த மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை. கடைக்குக் கடை சாமி படத்துக்குக் கீழே, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் குப்பி இருக்கும்.

லோடு இறங்கி முடிந்ததும் முதலாளி, கணக்கப்பிள்ளை, மூட்டை சுமக்கிற சுமடுக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் சாக்குகள்மேல் வரிசையாக உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து வைத்துக்கொள்வார்கள். ஒரே குப்பியிலிருந்து என் வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்காகச் சொட்டு விட்டுக்கொண்டே போவார். அவருக்குக் கைராசி என்று வரிசையில் பெயர். ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் வழியாது. நானே பார்த்திருக்கிறேன், கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற பாவனைதான். மற்றவர்கள் லோடு வருகிற அன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கு அது காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை. வீட்டிலும் ஒரு குப்பி உண்டு.

கண்ணைச் சோதிக்காமலே இருந்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. வியாபாரிகள் சங்கத்து மண்டபத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. பெஞ்சு போட்டதும் சாயாவுக்கும் பழம்பொரிக்கும் ஏற்பாடு செய்ததும் இவர்தான். தானும் வரிசையில் நின்றார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் மாட்டிய அட்டையிலுள்ள எழுத்துகளைப் படிக்க வேண்டும். முன்னால் நின்றவர்கள் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கேட்டு, பின்னால் நின்ற பாதிப்பேருக்கு அட்டையே மனப்பாடம். இவர் இரண்டு கண்ணுக்கும் கடைசி வரிவரை கடகடவென்று சொன்னார். பார்த்துப் படித்தாரா, கேட்டதை ஒப்பித்தாரா என்று அவருக்கே தெரியாது. "அண்ணாச்சீ, அடிபொளி!" என்று கைதட்டினார்கள். சரியாகப் படிக்காதவர்களை அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் இருக்கிற அழுத்தத்தைப் பார்க்கும் கருவி அங்கேதான் இருந்தது. படித்துவிட்டவர்களை நேராகச் சாயா குடிக்க அனுப்பினார்கள். நம்மவர் சாயாவைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "நமக்குப் பருந்துக் கண்ணாக்கும்" என்று பெருமையடித்தார்.

அதற்குப் பிறகுதான் கைவண்டிக்காரர்களோடு தினசரிச் சண்டை ஆரம்பித்தது. இடது பக்கமாக வந்து இடித்துவிடுகிறார்களாம். "ஒரு ஒச்சையும் இல்லாம வாரானுவ" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார். ஒருநாள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், படி இருப்பது தெரியாமல் காலை வைத்து விழுந்தார். முட்டிக்குக் கட்டுப்போட்ட டாக்டர் விரலை ஓரத்தில் ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, இது முட்டி சமாசாரம் இல்லை, முதலில் கண்ணாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று துரத்தினார்.

கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயது. மலையாளி. எங்களுக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசினார். என்னென்ன மருந்து விடுகிறார் என்று கேட்டபோது, நான் பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினேன்.

"இது எத்தற காலமா விடுறீங்க, சேச்சி?"

"அது வருசக்கணக்கா விடுதாங்க. செவப்புக்கு."

குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இது ஸ்டீராய்டு. பத்து நாள் விட்டா நிறுத்தணும். சில ஆளுகளுக்கு இது கண்ணுக்குள்ள பிரஷர் ஏத்தும். வேதன ஒண்ணும் காணாது. உள்ளே நரம்பு செத்துக்கொண்டே இருக்கும்."

இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணில் நடுவே ஒரு சின்னத் துவாரம் அளவுக்குத்தான் பார்வை மிச்சம். முகாமில் நேராக மாட்டிய அட்டையை அந்தத் துவாரம் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்; இடது கண்ணுக்குச் சொன்னது காதில் விழுந்த பாடமாகத்தான் இருக்கும். ஓரத்தில் வைத்த அவியல் அதற்குள் அடங்கவில்லை.

"போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாதா?" என்று கேட்டேன்.

"போயது போயி, சேச்சி. உள்ளது நிக்கணும். அதுக்குத்தான் ஆபரேஷன்."

எனக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது. கண் போகிறவர்களைப் பற்றி யார் பேசினாலும், மலை தாண்டி ஆறு தாண்டி ஆஸ்பத்திரிக்கே வழியில்லாத சனங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். உலகத்தில் அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கடையிலிருந்து கண்ணாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறி சேலையைச் சரிசெய்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஊர் முழுக்க டாக்டர். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற எங்கள் மகள் கைபேசியில் தேடாத விஷயம் கிடையாது. இத்தனை இருந்தும் ஒரு வாயாவது, "ஓய், அந்தக் குப்பியைக் கீழே போடும்" என்று சொல்லவில்லை. வலித்திருந்தால் ஓடியிருப்போம். வலிக்காத நோய்க்கு யார் கடையைப் பூட்டிவிட்டுப் போவார்கள்?

ஆபரேஷனில் வலது கண்ணின் அழுத்தம் இறங்கியது. மிச்சமிருக்கும் துவாரம் நிற்குமா, அதுவும் மூடுமா என்பதுதான் இனிக் கேள்வி. நான் கும்பிடாத சாமியில்லை. பழவங்காடியில் தேங்காய் உடைத்துவிட்டு, அந்தக் கையோடு வற்றல் வரிசைக்குப் போனேன். கடை கடையாக ஏறி, அந்த மருந்தை விடாதீர்கள், ஒரு நடை போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்கள். அடுத்த கடைக்காரர், என் வீட்டுக்காரரோடு ஒன்றாக வளர்ந்தவர், எனக்கு நாற்காலி போட்டு, எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணாச்சிக்கு ஒருவேள சுகர் இருந்திருக்கும், மைனி. எனக்கொண்ணும் இல்ல. நல்லா காணுது" என்று சொல்லிக்கொண்டே சாமி படத்துக்குக் கீழேயிருந்து குப்பியை எடுத்து, என் கண் முன்னாலேயே அண்ணாந்து விட்டுக்கொண்டார்.

நான் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அவர் கோபப்படவில்லை. பாவம், வேதனையில் இருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். எதிர்த்த மெடிக்கல் ஷாப்பைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் நாரங்காவெள்ளத்தைக் குடித்து முடிப்பதற்குள் புதுக் குப்பி வந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்காரரிடம் போய்க் கத்தினேன். "ஞான் குடுக்கலேன்னா அடுத்த கடையில வாங்குவாங்க, சேச்சி" என்றார் அவர். ஊரைத் திருத்துகிற ஆசை எனக்கு அன்றோடு விட்டுப்போயிற்று.

பார்வை எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இருட்டறையில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கொடுத்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சப் பொட்டு மின்னும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். முதல் தடவை இவர் அமுக்கிய அமுக்கில் பொத்தானே தேய்ந்திருக்கும். வெளியே காத்திருந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படவில்லை. வெளிச்சம் வராத நேரத்திலும் அமுக்கியிருக்கிறார், இந்தத் தாள் எதற்கும் உதவாது, சீக்கிரம் மறுபடி வாருங்கள் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் மெஷின் மெல்ல முனகுமாம். அந்த முனகலுக்கு அமுக்கினாராம்.

"யார ஏமாத்துதிய? பரீட்சையா எழுதப் போனிய?"

"அந்த டாக்டர்ப் பிள்ளை மொகம் வாடிரப் பிடாதுன்னுதான்" என்றார். பிறகு, "ஒண்ணும் காணலேன்னு நம்ம வாயால எப்பிடிட்டி சொல்லது?" என்றார்.

காலமெல்லாம் மூட்டையின் மேலே நல்ல வற்றலைப் பரப்பிக் காட்டி வியாபாரம் செய்த மனிதர். கண்ணையும் அப்படியே காட்டிவிட்டு வந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன்.

மறுபடி போவதற்குள் ஓணம் வந்துவிட்டது. ஓண வியாபாரத்தில் கடையை விட்டு நகரமாட்டேன் என்று அடம். வற்றலைக் கையில் எடுத்து ஒடித்து, முகர்ந்து தரம் சொல்லிவிடுவார். அதனால் வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நீட்டின டம்ளருக்கு அவருடைய கை பக்கத்தில் துழாவும். ஓணம் போய் ஐப்பசியில் துலாமழை, மழை போனால் மகள் வருகிறாள் என்று ஒவ்வொரு காரணமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். இருந்தாலும் சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, இழுத்துக்கொண்டு போனேன்.

இந்தத் தடவை டாக்டரம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, லைட் கண்டா மாத்திரம் அமுக்கணும். கண்டில்லேன்னா வேண்டா. எனக்கு சத்தியம் மதி, அது போதும்" என்றார். மெஷின் முனகலைப் பற்றி நான் சொல்லியிருந்ததால், சோதனை நடத்துகிற பெண்ணிடம் அவருடைய காதுகளில் பஞ்சு வைக்கச் சொன்னார். என்னையும் உள்ளே இருக்க விட்டார். இவர் எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினார். "இனிமே கள்ளத்தரம் இல்லட்டி" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

விளக்கை அணைத்தார்கள். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவருடைய காதோரமாக எட்டிப் பார்த்தால் கிண்ணத்தின் உட்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. மங்கலாக ஒரு பொட்டு மின்னி மறைந்தது. பிறகு மேலே ஒன்று. பிறகு இந்தப் பக்கம். பொத்தான் சத்தம் வரவில்லை. அவர் அமுக்காததால் மெஷின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனது. பின்னால் நிற்கிற எனக்கே கண் கூசியது. அமுக்குங்க, அமுக்குங்க என்று மனசுக்குள் கத்தினேன். கள்ளத்தனமாகவாவது ஒரு தடவை அமுக்குங்க. வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. அவர் முதுகை நிமிர்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் மெதுவாக அவருடைய தோளைத் தட்டி, ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, உறங்கிப் போயோ?" என்று கேட்டாள்.

அவர் முகத்தைக் கிண்ணத்திலிருந்து எடுக்கவில்லை.

"இல்ல மக்களே, முழிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "இன்னும் தொடங்கலியா?"