பின் இருக்கையில் கண்ணாடிச் சில்லுகள்

வேலை முடிந்த களைப்போடு, ட்ரெய்லரை இழுக்க பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் பூட்டும் ஹிட்ச் ஒன்று வாங்க சென்ட் லோரன்ட் பகுதிக் கடைக்கு மகளோடு போனேன். கடைக்காரர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

“அப்பா, அவர் சொல்லுறது…”

“எனக்கு விளங்கும். நீ சும்மா இரு.”

விளங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த இருபது வருடப் பழக்கத்தில் தலையாட்டி, ஆம் என்னும் பொருளில் “உய்” என்று சொல்லி, மலிவானதை வாங்கிவந்தேன்.

அதைப் பூட்டி ட்ரெய்லரை இழுத்துப் போன முதல் ஒடுங்கிய திருப்பத்திலேயே ட்ரெய்லரின் மூலை பிக்கப்பின் பின்கண்ணாடியை நொறுக்கியது. சில்லுகள் மகள் இருந்துவந்த பின் இருக்கை முழுக்கக் கொட்டின. வழி பார்த்துச் சொல்ல அவள் அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

“பின்பெட்டி கட்டையெண்டால், திரும்பேக்க ட்ரெய்லர் கண்ணாடியில இடிக்காமப் பின்னுக்கு நகருற ஹிட்ச்தான் வேணும் எண்டு அவர் சொன்னவரப்பா,” என்றாள் மெதுவாக.

மறுநாள் அதே கடையில், “நீ கதை, பிள்ளை” என்றேன். அவள் கதைத்து முடிக்கும்வரை நான் தலையாட்டவேயில்லை.